மங்கை டீச்சர் கார் நெட்டி முறித்தது

கார் நெட்டி முறிக்குமான்னு கேக்கிறவிய இப்பவே எந்திச்சுப் போயிருங்க, எனக்கு வேலை கெடக்கு, சாயந்தரத்துக்குள்ள மூணு சீட் கவர் தைக்கணும். இல்ல, கேட்டுட்டுத்தான் போவேன்னு உக்காந்தியன்னா நடுவுல நடுவுல மூக்க நுழைச்சு அது எப்படி இது எப்படின்னு கேக்கப்படாது, ஏன்னா எப்படின்னு எனக்குந் தெரியாது, ஆலங்குளத்துல ஒருத்தருக்குந் தெரியாது, நடந்தது நடந்துச்சு, எங்க காதால கேட்டோம், அவ்வளவுதான்.

எம் பேரு தங்கபுஷ்பம். தென்காசி ரோட்டுல பெட்ரோல் பங்கு தாண்டி வரிசையா ஒர்க்‌ஷாப் இருக்குல்லா, அதுல நாலாவது என் சீட் கவர் கடை, அஞ்சாவது ஆவுடையப்பன் ஒர்க்‌ஷாப். நடுவுல ஒரு தகரந்தான். அவன் அந்தப் பக்கம் தும்முனா நான் இந்தப் பக்கம் "நூறு"ம்பேன். அவனுக்கு வயசு நாப்பத்தாறு, கல்யாணம் ஆவல. மூணு தங்கச்சிமாரக் கட்டிக் குடுத்துட்டு நிமிந்து பாத்தா தலை நரைச்சிருந்துச்சு. பேச்சு கம்மி. ஆனா காது இருக்கே, எம்மாடி! ரோட்டுல போற வண்டிச் சத்தத்தக் கேட்டுட்டு, குனிஞ்ச தலை நிமிராம, "அந்த வண்டிக்கு முன்பக்க இடது வீல் பேரிங் போவப் போவுதுக்கா"ம்பான், ரெண்டு நாள் கழிச்சு அந்த வண்டி அவன் வாசல்லயே வந்து நிக்கும். நீளமான ஸ்க்ரூட்ரைவர் நுனிய இஞ்சின்ல வச்சு, கைப்பிடியக் காதுல வச்சு, கண்ண மூடிட்டு நிப்பான். வண்டி அவங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிரும்.

அவங்கிட்டதான் மங்கை டீச்சர் தன் காரக் கொண்டாந்தாவ. முழுப் பேரு மங்கையர்க்கரசி, பொம்பளப் பிள்ளைய பள்ளிக்கூடத்துல அறிவியல் டீச்சர், வயசு நாப்பத்திரெண்டு. இருபத்தினாலு வயசுல மேலுதட்டுக்கிட்ட கடுகுத்தண்டி ஒரு வெள்ளப் புள்ளி வந்து, அது கன்னத்துக்குப் போயி, கழுத்துக்குப் போயி, ரெண்டு கைக்கும் எறங்கி, நிச்சயம் பண்ணியிருந்த மாப்பிள்ள வீட்டுக்காரன் வந்த தாம்பாளத்தத் திருப்பி அனுப்பி, அதோட அவிய கல்யாணப் பேச்சு முடிஞ்சு போச்சு. அது ஒட்டுத நோயில்ல, தோலு நிறம் மாறுது, வேற ஒண்ணுமில்லன்னு அவியளே பிள்ளையளுக்குப் பாடம் எடுப்பாவ, பிள்ளையளுக்கு நல்லாப் புரியும், பஸ்ஸுல வார பெரிய மனுசங்களுக்குத்தான் புரியாது. டீச்சர் பக்கத்துல சீட்டு காலியாக் கெடக்கும், பத்துப் பொம்பளைய கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டே வருவாளுவ. அந்த ஆத்திரத்துலதான் லோன் போட்டு, செகண்ட் ஹேண்டுல ஒரு நீலக் காரு வாங்குனாவ.

"மெக்கானிக் சார், வண்டில டக்கு டக்குன்னு ஒரு சத்தம்." கதவப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டே சொன்னாவ.

"எங்கேருந்து டீச்சர்?"

"அதான் தெரியல. டேஷ்போர்டுக்குள்ளேருந்தா, கதவுக்குள்ளேருந்தா, கீழேருந்தா... நான் ஏறி உக்காந்ததும் நாலஞ்சு. பொறவு வழியெல்லாம் ஒண்ணு ஒண்ணா. விரலு சொடக்கு விடுமே, அந்தச் சத்தம்."

ஆவுடையப்பன் சாவிய வாங்கிட்டுப் போயி, பின்னால இருக்க காலி மைதானத்துல ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு எட்டுப் போட்டான், பள்ளத்துல விட்டான், மேட்டுல ஏத்துனான், பிரேக்கடிச்சான்; ஒரு சத்தமில்ல. டீச்சர் ஏறி உக்காந்தாவ. டக், டக், டக்குன்னு ஆரம்பிச்சிட்டு. அவிய எறங்குனாவ; நின்னு போச்சு. ஆக்சில் ஜாயிண்டா இருக்கும்னு மாத்துனான். டயரு இடுக்குல சிக்கியிருந்த கல்லையெல்லாம் ஒவ்வொண்ணா நெம்பி எடுத்தான். சீட்டு ஸ்பிரிங்கா இருக்குமோன்னு எங்கிட்டக் கொண்டாந்தான், நான் டிரைவர் சீட்ட உரிச்சுப் பாத்துப் புதுசாத் தைச்சுக் குடுத்தேன். டீச்சர் வந்து உக்காந்தாவ, டக் டக். அதுவும் மொத நாளவிட ஜாஸ்தி.

அது என்ன சத்தம்னு கண்டுபிடிச்சது நான்தான், இதுல எனக்கு ஒரு கர்வம் உண்டு, அத ஒளிக்கப் போறதில்ல. எம் மக பிரசவத்துக்கு வந்து, பிள்ளைக்கு மூணாம் மாசம், தடுப்பூசி போடப் போவணும், வெயிலு மண்டையப் பொளக்குது, டீச்சர்தான் "ஏறுங்க, நான் விட்டுருதேன்"னாவ. எம் பேத்தி என் மடியில இருந்து பொக்கவாயத் தொறந்து சிரிச்சுச்சு. உடனே அந்தக் காரு எங்கேருந்தோ, படபடபடபடன்னு ஏழு தடவ. பிள்ள கொஞ்சம் சுணங்கிக் கெடந்தது, சட்டுன்னு தெளிஞ்சு காலு ரெண்டையும் ஒதைக்க ஆரம்பிச்சிட்டு. நம்ம என்ன செய்வோம், பிள்ள மொகத்த ரெண்டு கையாலயும் வழிச்சு, விரல மடக்கி நம்ம நெத்திப்பொட்டுல வச்சு அமுக்குவோமே, எத்தன விரலு முறியுதோ அத்தன கண்ணு பட்டிருக்குன்னு, அன்னைக்குக் காலையிலதான் நான் செஞ்சேன், எனக்கு மூணுதான் முறிஞ்சுது; காரு எங்கையத் தோக்கடிச்சிட்டு.

"டீச்சர், இது ரிப்பேர் இல்ல. உங்க காரு பிள்ளைக்கு நெட்டி முறிக்கி!"

"தங்கபுஷ்பத்தக்கா, இரும்புக்கு விரல் ஏது? எங்கயோ போல்ட்டு லூஸா இருக்கு." அறிவியல் டீச்சர்லா, அப்படித்தான் பேசுவாவ.

மறுநாள் காலையில டீச்சர் வீட்டு வாசல்ல பதினோரு கைப்பிள்ள. அதுக்கு மறுநாள் நாப்பது. டீச்சர் பாவம், பல்லுகூட வெளக்கியிருக்க மாட்டாவ, "ஒரே ஒரு ரவுண்டு டீச்சர், பிள்ள ராவெல்லாம் வீச்சு வீச்சுன்னு கத்துது"ன்னு ஒருத்தி கெஞ்சுனா மனசு எளகிச் சாவிய எடுத்துட்டு வந்துருவாவ; தாய்க்காரி பிள்ளைய மடியில வச்சுப் பின்னால உக்காருவா, காரு தெருமுக்கு வரைக்கும் போயிட்டுத் திரும்பும், அதுக்குள்ள தன் பாட்டுக்கு முறிச்சுப் போட்டுரும், வீட்டுக்குப் போயி பிள்ள அசந்து தூங்கும். பொறவு கல்யாணப் பொண்ணுங்க வந்தாளுவ. பொறவு பரிச்சையில மொத மார்க்கு எடுத்தவ வந்தா. புதுசாப் பல்லு கட்டுன பலசரக்குக்கடை அண்ணாச்சி வந்து உக்காந்து, ரெண்டு முறிஞ்சதும் அந்தப் பல்லு பூராத்தையும் காட்டிச் சிரிச்சாரு. வார்டு மெம்பரு ஒருத்தரு வேட்டிய விரிச்சுவிட்டு உக்காந்து பஸ் ஸ்டாண்ட மூணு சுத்து சுத்துனாரு, ஒண்ணுகூட முறியல; எறங்கிட்டு, "இது எதிர்க்கட்சிக்காரன் வித்த வண்டியோ?"ன்னு கேட்டாரு. ஒரு செவலக் கெடாவுக்கு நாலு முறிஞ்சுது. காஸ் சிலிண்டர் போடுத மாடக்கண்ணுக்கு ஆறு முறிஞ்சிட்டு, அன்னைக்கே அவன் பொண்டாட்டி, எந்தெந்தத் தெருவுல சிலிண்டர் போடுதான்னு அவன் வண்டி பின்னாலயே ஏறிக் கிளம்பிட்டா. ரெண்டு சம்பந்திக்காரிய "எம் பேத்திக்கு ஒம்பது", "எம் பேரனுக்குப் பதினொண்ணு"ன்னு நடுரோட்டுல முடியப் பிடிச்சுக்கிட்டாளுவ.

தெருக் கூட்டுத குருவம்மா மட்டும் நாலு வாரமா வாரதும் தூரத்துல நின்னு பாத்துட்டுப் போறதுமா இருந்தா. டீச்சர்தான் அவள அதட்டிக் கூப்பிட்டு ஏத்துனாவ. அவ மவன் மூக்கு ஒழுகிக்கிட்டு, யாரோ குடுத்த தொளதொளன்னு ஒரு சட்டையப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தான். டக். டக். ரெண்டு. குருவம்மா ஓன்னு அழ ஆரம்பிச்சிட்டா. "எம் பிள்ளையையும் ஆரோ ரெண்டு பேரு அழகுன்னு பாத்திருக்காவளே டீச்சர், ஆருன்னு தெரிஞ்சா காலத் தொட்டுக் கும்பிடுவேன்"னு சொல்லி அழுதா. அன்னைக்கு டீச்சர் அவள வீடு வரைக்கும் கொண்டுபோயி விட்டுட்டு, வெகுநேரம் வண்டியிலேயே உக்காந்திருந்தாவளாம்.

ரெண்டு மாசத்துல ஊரு எல்லாத்தையும் பழகிக்கிட்டு. டீச்சர் தூங்கணும்லா, அதனால ஞாயித்துக்கிழம ஒம்பதுலேருந்து பதினொண்ணு வரைக்குந்தான்னு ஏற்பாடாச்சு. எவளோ பானட்டுல குங்குமம் வச்சா, எவளோ எலுமிச்சங்கா கட்டுனா, டீச்சர் அவுத்துப் போட்டாவ, திரும்பக் கட்டுனாளுவ, சரி போன்னு விட்டுட்டாவ. குழாயில தண்ணி வந்துட்டான்னு கேக்குத மாதிரி, "காரு வந்துட்டா?"ன்னு கேட்டுக்கிட்டாளுவ. ஆச்சரியப்பட ஆளில்ல.

ஒண்ணே ஒண்ணுதான் ஊருக்கு இடிச்சுது. எல்லாருக்கும் ரெண்டு, அஞ்சு, மிஞ்சிப்போனா பத்து பதினொண்ணு. டீச்சர் ஒத்தையா ஓட்டிட்டுப் போனா சில நாளு முப்பது! இந்த எடத்துலதான் ஊரு தன் புத்தியக் காட்டிட்டு. இவ மேல எவன் கண்ணு படும்னு கேட்டாளுவ. காருக்கு எண்ணத் தெரியலன்னாளுவ. பிள்ளையத் தூக்கிட்டுப் போயி அந்தக் காருல உக்காந்து வந்தவளுவதான், அதே வாயால. காய்கறிக் கடையில ஒருத்தி, டீச்சர் பின்னால நிக்கது தெரியாம, "அந்த வெள்ளையப் பாத்து மொகஞ்சுளிச்ச பார்வையையும் சேத்து எண்ணுது போல இருக்கு"ன்னு சொல்லிச் சிரிச்சிருக்கா. எனக்கு மட்டும் அன்னைக்கு அங்கன இருக்கக் குடுத்து வைக்கல, இருந்திருந்தா அவ வாய ஊசி போட்டுத் தைச்சிருப்பேன்.

டீச்சர் நேரா ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாவ. கண்ணு செவந்திருந்துச்சு. "மெக்கானிக் சார், ஊருல ஆயிரம் சொல்லட்டும், இது ஒரு பழுது. பழுதுன்னா அதுக்குக் காரணம்னு ஒண்ணு இருக்கும். முழுப் பரிச்சை முடியதுக்குள்ள கண்டுபிடிச்சுக் குடுங்க. இல்லன்னா நான் வண்டிய வித்துட்டு ஓசூருக்கு மாத்தல் வாங்கிட்டு, எந்தங்கச்சி வீட்டுப் பக்கம் போயிருதேன். என்னால இந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு இந்த ஊருல இருக்க முடியாது."

ஆவுடையப்பன் கையில இருந்த ஸ்பேனரு கீழ விழுந்துட்டு. பதினாறு வருசமாப் பக்கத்துக் கடையில இருக்கேன், அவன் கையிலேருந்து ஒரு சாமான் விழுந்து நான் கண்டதில்ல. தகரத்துக்கு இந்தப் பக்கம் தையல் மிஷின நிப்பாட்டிட்டு உக்காந்திருந்தேன், அப்பவே எனக்கு லேசாப் பொறி தட்டுச்சு, ஆனா வாயத் தொறக்கல, என் வாயி தொறக்காம இருந்த சந்தர்ப்பம் அது ஒண்ணுதான்.

அவன் சொன்னான், "டீச்சர், ஒரு நோட்டுப் போடுங்க. என்னைக்கு எங்க போனிய, எத்தன சத்தம் கேட்டுச்சு, எல்லாத்தையும் எழுதுங்க. எப்ப வருது, எப்ப வரலன்னு தெரிஞ்சாப் போதும், எங்கேருந்து வருதுன்னு பிடிச்சிரலாம்."

வாரா வாரம் டீச்சர் வண்டியக் கொண்டாருவாவ. அவன் ஒரு பாகத்தக் கழட்டிப் பாத்துட்டு மாட்டுவான். கதவுப் பலகையக் கழட்டுனான், டேஷ்போர்டக் கழட்டுனான், கண்ணாடிய ஏத்தி எறக்குத மோட்டாரக் கழட்டுனான். கழட்டுத கையி கழட்டும், மாட்டுத கையி மாட்டும். அதுக்கெல்லாம் காசு வாங்க மாட்டேன்னு நின்னான். டீச்சர் ஸ்டூல்ல உக்காந்து பரிச்சைப் பேப்பரு திருத்துவாவ. ரெண்டு பேரும் பேசிக்கிட மாட்டாவ. நான்தான் நடுவுல டீ வாங்கிக் குடுக்க ஆளு.

முழுப் பரிச்சை முடிஞ்சுது. மறுநாள் மத்தியானம் மூணு மணிக்கு டீச்சர் நோட்டோட வந்தாவ. கட்டம் போட்ட தாளுல கோடெல்லாம் இழுத்து, பிள்ளையளுக்குப் பாடம் நடத்துத குரல்ல ஆரம்பிச்சாவ.

"பாருங்க மெக்கானிக் சார். நடுவுல லீவுக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போயி ஒம்பது நாள் இருந்தேன், இதே வண்டிதான், மல ரோடு, மண் ரோடு எல்லாத்துலயும் ஓட்டுனேன். ஒரு சத்தமில்ல. பள்ளிக்கூட நாள்ல, காலையில இந்த ஒர்க்‌ஷாப்பத் தாண்டிப் போனதுக்கப்புறம் நாலு. சாயந்தரம் தாண்டுனதும் நாலு. தாண்டாத நாள்ல ஒண்ணுமில்ல. ஆனா இங்க வந்து ஒரு மணி நேரம் உக்காந்துட்டுப் போற அன்னைக்கு மட்டும்..." தாளத் திருப்பி அவன் பக்கம் காட்டுனாவ. "முப்பத்தொண்ணு. முப்பத்தினாலு. போன வாரம் நாப்பது. பழுது வண்டில இல்ல. இங்கதான் உண்டாவுது. நீங்க என் வண்டிய என்னமோ பண்ணுதிய. உண்மையச் சொல்லுங்க."

ஆவுடையப்பன் வேஸ்ட் துணியால கையத் தொடைச்சான். தொடைச்ச கையத் திரும்பத் தொடைச்சான்.

"வண்டிய ஒண்ணும் பண்ணல டீச்சர்."

"பொறவு?"

"பாக்கேன்."

"வண்டியத்தான?"

"வண்டியையும் பாக்கேன்."

அவன் தரையப் பாத்துட்டே சொன்னான், "எதுத்தாப்ல பஸ் ஸ்டாப்புல பதினோரு வருசம் நின்னிய டீச்சர். நான் இங்கேருந்து தெனமும் பாப்பேன். கண்ணு வைக்கணும்னு பாக்கல, பாக்காம இருக்க முடியல. நீங்க காரு வாங்குனதும் அந்தப் பார்வையெல்லாம் மொத்தமா வண்டில வந்து எறங்கிட்டு. எனக்கு ஒரு மாசத்துக்கு முன்னாலயே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா வண்டி சரியாயிரும். சரியான வண்டிய எதுக்கு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டாரப் போறிய."

டீச்சர் கையி தன்னால கன்னத்துக்குப் போச்சு. "என்னத்தப் பாத்திய?"

"மொகத்தத்தான்."

"இந்த மொகத்தயா?"

"உங்களுக்கு வேற மொகம் எங்க இருக்கு டீச்சர்."

நான் தகரத்துக்கு இந்தப் பக்கமிருந்து எட்டிப் பாத்தேன். ஆனா டீச்சர் மொகம் கறுத்துட்டு. பதினெட்டு வருசம் ஊரு பாத்த பார்வையிலேயே வளந்த மனசு, ஒரு நல்ல சொல்ல நம்புமா? "நீங்களுமா?"ன்னு கேட்டாவ. "காய்கறிக் கடையில சிரிச்சாச்சு, பஸ்ஸுல சிரிச்சாச்சு, இங்க ஒரு எடம்தான் பாக்கின்னு நெனச்சேன். நீங்களும் சேந்து என்னயக் கேலி பண்ணுதியளா மெக்கானிக் சார்?" நோட்டப் பிடுங்கிட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாவ. அம்பை ரோட்டு முக்கு வரைக்கும் அந்தக் காரு படபடன்னு முறிச்சுக்கிட்டே போனது எங்க வரிசைக்கே கேட்டுச்சு.

அன்னைக்குச் சாயந்தரம் ஆவுடையப்பன் தன் வேலை மேசைய இழுத்துச் சொவரப் பாத்துப் போட்டுக்கிட்டான். ரோட்டுக்கு முதுகு. "என்னல இது?"ன்னேன். "எங் கண்ணு இனி அவிய மேல படப்படாதுக்கா. சத்தம் நிக்கட்டும். நிம்மதியா இருக்கட்டும்." "ஏல கூறுகெட்டவனே, போயி இன்னொரு தடவ சொல்லுல!" "கேலின்னு நெனச்சிட்டாவக்கா. இன்னொரு தடவ சொன்னா ரெண்டு தடவ கேலி பண்ணுன மாதிரி ஆயிரும்." அதுக்கு மேல அவங்கிட்ட யாரு பேசுவா. நீலக் காரு தாண்டுத சத்தம் அவன் காதுக்குத் தெரியாதா, தெரியும், அப்பல்லாம் கண்ண இறுக்க மூடிக்கிடுவான். சோறு சரியாத் திங்கல. பத்தொன்பது நாளு இப்படியே போச்சு. ஞாயித்துக்கிழம பிள்ளையளுக்கு எப்பவும் போல முறிஞ்சுது, அதுல கொறையில்ல. டீச்சருக்கு மட்டும் ஒண்ணுமில்லன்னு ஊரு பேசிக்கிட்டுச்சு. மாத்தல் மனு எழுதி வச்சாச்சு, வண்டி கேட்டு ஒரு ஆளு சுரண்டையிலேருந்து வாரான்னும் கேள்விப்பட்டேன்.

இருபதாம் நாளு, திங்கக்கிழம, பதினோரு மணி இருக்கும். நீலக் காரு வந்து ஒர்க்‌ஷாப் வாசல்ல நின்னுச்சு. டீச்சர் எறங்கி, கதவச் சாத்தி, சாவியக் கையில வச்சுக்கிட்டு நின்னாவ. வரிசையில இருந்த வெல்டிங் பட்டறைக்காரன் மொதக்கொண்டு வேலைய நிப்பாட்டிட்டான். ஆவுடையப்பன் திரும்பல.

"வண்டில என்ன டீச்சர்?" சொவத்தப் பாத்துக் கேட்டான்.

"சத்தம் வரல."

"நல்லதுதான டீச்சர்."

"என்ன நல்லது?" ஒரு எட்டு முன்னால வந்தாவ. "மொத மூணு நாளு நல்லாத்தான் இருந்துச்சு. நாலாம் நாளு ஏறி உக்காந்து கதவச் சாத்துனேன், காத வச்சுக் கேட்டேன், ஒண்ணுமில்ல. யாரும் இல்லாத வீட்டுக்குள்ள நொழஞ்ச மாதிரி இருந்துச்சு. நீங்க கேலி பண்ணியிருந்தா நான் போனதும் சிரிச்சுட்டு ரோட்டப் பாத்துதான உக்காந்திருப்பிய? சொவத்தப் பாத்து உக்காந்திருக்கியன்னு தெனமும் பாத்துட்டுத்தான் போறேன். நேத்து வண்டியப் பாக்க ஆளு வந்தான், சத்தமே இல்ல, அருமையா இருக்குன்னான். அவன அனுப்பிட்டு ஸ்டியரிங்ல தலைய வச்சு அழுதேன். எனக்கு அந்தச் சத்தம் வேணும் மெக்கானிக் சார். பழையபடி ஆக்கிக் குடுங்க."

ஆவுடையப்பன் எந்திச்சான். திரும்புனான். பதினோரு வருசமா ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒளிஞ்சு பாத்த பய, பட்டப்பகல்ல, எங்க எல்லாரு முன்னாலயும், தலைய நிமித்தி டீச்சர் மொகத்த நேராப் பாத்தான். நெத்திய, கன்னத்த, நிறம் மாறுத எடத்த, மாறாத எடத்த, ஒண்ணு விடாமப் பாத்தான். இஞ்சின் ஓடல, உள்ள ஆளில்ல, கதவு சாத்திக் கெடக்கு, அந்தக் காரு முறிக்க ஆரம்பிச்சுது. நானும் வழக்கம்போல எண்ணிப் பாத்தேன், நாப்பதுக்கு மேல எனக்கு அழுகை வந்துட்டு, விட்டுட்டேன்.

டீச்சர் நகரல, அவன் பாத்து முடியட்டும்னு அங்கனயே நின்னாவ.